நோய்க்கணிப்பும் நுகர்வினையும்

மருத்துவர் ஒருவர் நோயாளரை நன்கு ஆராய்ந்து, "இஃது இன்ன நோய், இந்நோய் கொண்டார் நூற்றுவருள் இத்துணையர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர்" என்று கூறுவாராயின், அக்கூற்றினை நாம் எவ்வாறு கொள்ளுதல் வேண்டும்? அஃது ஊழே வாய்திறந்து உரைத்ததாகுமா? ஆகுமெனக் கொண்டு, ஒருசாரார் மருந்தையும் சத்திரசிகிச்சையையும் வேண்டாவென ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார் அக்கூற்று நோயாளர் செவிக்கு எட்டாதவாறு மறைத்துவிடுகின்றனர். இவ்விரு செயலும் அறத்தொடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இஃது எமக்கு ஏட்டளவில் எழுந்த ஐயமன்று. ஆராயாது யாம் கூறிய சொல் ஒன்று நண்பர் ஒருவர்க்கு இடையூறாய் முடிந்தமையின், அப்பிழையை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகின்றேம்.

எம்மோடு இளமையில் ஓராசிரியரிடத்துப் பாடங்கேட்டவர் அந்நண்பர். அவருடைய இடக்காற் குதியின் அடியில் எள்ளளவாகக் கரும்புள்ளி ஒன்று தோன்றிற்று. முள் தைத்த வடு என்று அவர் எண்ணினார். கல் குத்திக் கன்றிய இரத்தம் என்றார் அவர் மனைவியார். வலியின்மையின் ஒருவரும் அதனைப் பொருட்படுத்திலர். ஈராண்டிற்குள் அது புளியங்கொட்டை அளவினதாய்ப் பரந்து, ஓரம் ஒழுங்கிழந்து, நடுவே புண்ணாகிக் கசியத் தொடங்கிற்று. அதன்பின்னரே மருத்துவரை நாடினார். சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியால் ஆராய்ந்தோர், அது மெலனோமா என்னும் கருநிறப் புற்றென்றும், அதன் தடிப்பு 3 மில்லிமீட்டர் என்றும், சுற்றியுள்ள தோலோடு அகழ்ந்தெடுத்து நிணநீர்க் கணுவையும் ஆராய்தல் வேண்டுமென்றும் கூறினர்.

மருத்துவர் கூறிய எண்களைப் புதல்வர் இருவரும் தந்தையார்க்கு உரைத்திலர்; "சிறு கட்டி; வெட்டி எடுத்தால் போய்விடும்" என்றனர். ஆயினும் அவர்தம் முகக்குறிப்பை அவர் அறியாரல்லர். ஒருநாள் மாலை எம்மிடம் வந்து, "நுகர்ந்து கழித்தற்குரிய வினையைக் கத்தியால் விலக்கப் புகுதல் ஆகுமா? நீர் என் கருதுகின்றீர்?" என்று வினவினார். யாமோ அவர் மனவமைதியை வியந்து, "ஊட்டும் வினையை உண்டே தீர்தல் வேண்டும், நும் தெளிவு பாராட்டத்தக்கது" என்று கூறி விடுத்தேம். சொல்லில் பிழையில்லை, சொல்லிய இடத்திற் பிழை இருந்தது. மூன்று திங்கள் கழிந்து அவர்தம் மகள் எம் இல்லம் போந்து, "பெரியப்பா, அறுத்துக்கொள்ள வேண்டாம் என்று தாங்கள் கூறினீர்கள் என்று அப்பா மருத்துவமனைக்கு வர மறுக்கிறார், அது தங்கள் சொல்தானா?" என்று கேட்டபொழுதே, எம் சொல் எங்கே சென்று நின்றது என்பதை உணர்ந்தேம்.

அதன்பின்னரே அந்நோயின் இயல்பை அறியப் புகுந்தேம். மக்கள் தோலின் மேற்படைக்கு அடித்தளத்தே நிறமியைத் தோற்றுவிக்கும் உயிரணுக்கள் உள. அவை வரம்பு கடந்து பெருகுதலே மெலனோமா எனப்படும். வெண்ணிற மக்களிடத்து இது பெரும்பாலும் வெயிலின் புறவூதாக் கதிரால் உண்டாவது. அவ்வாறன்றி, உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களில் தோன்றும் வகை ஒன்று உண்டு. அதனை 1976-ஆம் ஆண்டில் ரீட் என்னும் அமெரிக்க மருத்துவர் தனிவகையாக எடுத்து விளக்கினார். மெலனோமா அனைத்தையும் ஒருங்கு நோக்கின் இவ்வகை நூற்றுக்கு இரண்டு மூன்றே. இதற்கு வெயில் முதற்காரணமன்று. கருநிற மக்கட்கு மெலனோமா வருதல் அரிது; வருமாயின், பெரும்பாலும் இவ்வகையாகவே வருகின்றது. ஆகவே மேனாட்டார் அரியதென ஒதுக்கும் இந்நோய் நம்மனோர் அறிந்துகொள்ளவேண்டியதொன்றாம்.

நகத்தின் அடியில் தோன்றுமாயின் கருங்கோடாய் நீண்டு, நகத்தைச் சூழ்ந்த தோலிலும் கருமை பரவும். இக்குறியை ஹச்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1886-இலேயே எழுதினார். உள்ளங்காலில் வயலைப்போல வரப்பும் பள்ளமுமாய் வரிகள் உள. தீங்கற்ற மச்சத்தின் கருமை பெரும்பாலும் பள்ளத்தைப் பற்றி ஓடும்; இப்புற்றின் தொடக்கத்திலோ அது வரப்பைப் பற்றி ஓடும் என்று ஜப்பானிய மருத்துவர் உருப்பெருக்காடியாற் கண்டு கூறினர். முள்வடு என்றும், காலாணி என்றும், நகச்சொத்தை என்றும் நாள் கடத்துதற்கு இடந்தருவது இந்நோயின் இயல்பு.

இனி, இதன் பின்விளைவைக் கணிக்குமாறு எங்ஙனம் எனின், முதற்கண் ஆழத்தால் என்க. 1970-இல் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க நோய்க்கூற்று வல்லுநர், கட்டியின் பரப்பினும் அது தோலுள் இறங்கிய ஆழமே வாழ்நாளோடு இயைபுடையது என்று அளந்து காட்டினார். 1 மில்லிமீட்டருக்கு மிகாதது முதனிலை. 4 மில்லிமீட்டரைக் கடந்தது கடைநிலை. மேற்றோல் புண்படுதலும், நிணநீர்க் கணுவில் புற்றணு எய்துதலும் நிலையை மேலும் கடியதாக்கும். முதனிலையில் கட்டியைச் சூழ 1 சென்டிமீட்டர் அளவும், 2 மில்லிமீட்டரைக் கடந்த ஆழமாயின் 2 சென்டிமீட்டர் அளவும் நல்ல தோலைச் சேர்த்து அகற்றுவர். முதலில் நிணநீரை ஏற்கும் கணுவை மட்டும் எடுத்து ஆராயும் முறையை மார்ட்டன் என்பாரும் அவர் குழுவினரும் 1992-இல் வெளியிட்டனர். அதனிடத்துப் புற்றணு காணப்படினும், எஞ்சிய கணுக்களையெல்லாம் உடனே அகற்றுதல் ஆயுளை நீட்டுவதில்லை என்று 2017-இல் வெளிவந்த பேராய்வொன்று காட்டிற்று.

அமெரிக்க நாட்டில் 1986 முதல் 2005 வரை இவ்வகைப் புற்றுக்கு ஆளான 1,413 பேரின் பதிவுகளை ஆராய்ந்தோர், இந்நோயால் இறவாது ஐந்தாண்டு கடந்தோர் நூற்றுக்கு 80.3 என்றும், பத்தாண்டு கடந்தோர் 67.5 என்றும் கண்டனர். மெலனோமா அனைத்திற்கும் அவ்வெண்கள் 91.3, 87.5 என நின்றன. இவ்வகை மிகக் கொடியதாய்த் தோன்றுதற்குக் காலந்தாழ்த்துக் காணப்படுதல் ஒரு பெருங்காரணமாம்.

இவ்வெண் ஊழாகுமா என்பதே வினா. காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள் இஃது எதன்பாற்படும்? கருதலளவையின்பாற்படும். புகை கண்டு நெருப்புண்மை துணிதல் எதனால்? புகையுள்ளவிடத்தெல்லாம் நெருப்புண்மை தவறாமையால். இத்தவறாமையையே வியாத்தி என்ப. ஈண்டோ, நூற்றுவருள் எண்பதின்மர் ஐந்தாண்டு கடந்து வாழ, இருபதின்மர் மாய்கின்றனர். ஒரே நோய், இருவேறு முடிவு. ஆகலின் நோயுண்மை கொண்டு, இவர் மாய்வர் என்றோ இவர் வாழ்வர் என்றோ துணிதற்கு வியாத்தி இல்லை. அவ்வெண் ஒரு தொகுதியைப் பற்றியது. ஊழோ ஒவ்வோர் உயிர்க்கும் தனித்தனியே உரியது. தொகுதியின் இயல்பைத் தனியுயிரின்மேல் ஏற்றியுரைத்தல் அளவை நூலார் கடிந்த குற்றமாம்.

பொய்யென்று அவ்வெண்ணைத் தள்ளுதலும் தகாது. மழை பெய்யக்கூடும் என்பதறிந்து குடை கொண்டு செல்வான் மதியுடையான். அதுபோல, இடர் எத்துணைத்து என்பதறிந்து செயல் வகுத்தற்கு அவ்வெண் பயன்படும். செயலுக்குக் கருவியாவதனைச் செயலொழிதற்குக் காரணமாக்கிக்கொள்ளுதலே பிழை.

மேலும், அவ்வெண் நிலையாயதும் அன்று. மெலனோமா பிற உறுப்புக்களிற் பரவிய பின்னர்ப் பாதிப்பேருக்கு மேல் ஓராண்டுகூட வாழ்ந்திலர் என்பது முன்னைய நிலை. 2011-இல் இபிலிமுமாப் என்னும் மருந்தும், 2014-இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்பனவும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை புற்றை நேரே கொல்லுவனவல்ல. உடலின் காவற்படைக்கு இடப்பட்டிருந்த தளையை நீக்குவன. அத்தளையின் இயல்பு கண்ட ஆலிசன், ஹொஞ்சோ என்னும் அறிஞர் இருவர்க்கும் 2018-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. முற்றிய மெலனோமாவிற்கு இவற்றுள் இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துக் கொடுத்த ஆய்வொன்றில், பத்தாண்டின் முடிவில் நூற்றுக்கு 43 பேர் உயிரோடிருந்தனர் என்று 2024-இல் வெளியிடப்பட்டது. உள்ளங்கால் வகைக்கு இம்மருந்துகள் பிறவகைக்குப் போல அத்துணை நன்கு பயன்படுவதில்லை என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. எண்ணே ஊழாயின், ஊழ் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்திய பதிப்பாக வெளிவருவதாய் முடியும்! அது பொருந்தாது.

"அற்றேல், நுகர்வினை நுகராது கழியுமோ? மருத்துவம் அதனைத் தடுத்தலாகாதோ?" எனின், கூறுதும். நுகர்வினை இன்னதென்பது நுகர்ந்த பின்னரன்றி நம்மனோர்க்குப் புலனாவதன்று. "இந்நோயால் இறத்தலே என் வினை" என்று முன்னரே துணிவார், முற்றுணர்வுடைய முதல்வன் ஒருவனே அறிவதனைத் தாமும் அறிந்ததாகக் கொள்கின்றனர். அது பணிவு போலத் தோன்றும் செருக்காம். நோய் வந்தது வினையால் எனின், அதனை அறியவல்ல மருத்துவர் அண்மையில் வாழ்தலும், மகள் துணைநிற்றலும் எதனால் வந்தன? துன்பத்தை மட்டும் வினையின் கணக்கில் எழுதி, உதவியை அக்கணக்கிற் சேராது விடுதல் நடுவுநிலையன்று. கத்தியின் நோவும், கால் ஊன்ற இயலாது கிடக்கும் நாளும், பொருட்செலவும் நுகர்ச்சியல்லவா? அறுவையால் வினை விலக்கப்படுவதில்லை. அறுவையும் நுகரப்படும் வினையுள் ஒன்றாம்.

இதற்கு மேற்கோள் தேடித் தொலைவு செல்லல் வேண்டா. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில், இறைவன் இன்பமும் துன்பமும் நுகர்வித்து வினையைத் தீர்த்தற்கு மருத்துவனையே உவமையாக எடுத்தனர். கருவியாற் களையும் நோயும், இனிய பொருளோடு மருந்து ஊட்டிக் களையும் நோயும் என இரண்டனையும் அங்கே காட்டினர். கத்தி எடுத்தல் திருவருளுக்கு மாறாயின், ஆசிரியர் அதனைத் திருவருளுக்கே உவமையாக்குவரோ? கொடிமாடச் செங்குன்றூரில் அடியாரைக் குளிர்சுரம் பற்றியபொழுது, ஆளுடைய பிள்ளையார் திருநீலகண்டப் பதிகத்தின் தொடக்கத்திலேயே, இது வினையால் வந்தது என்று சொல்லிக்கொண்டே உய்யும் வழி தேடாதிருத்தலைக் குறையென இடித்துரைத்தமை யாவரும் அறிந்தது. திருவள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாது, ஆள்வினையுடைமைக்கு ஒன்றும் மருந்துக்கு ஒன்றும் வகுத்தனர். இவற்றையெல்லாம் பல்லாண்டு பாடஞ்சொன்ன யாம், வேண்டிய வேளையில் நினைந்திலேம்.

இனி மறைத்தலைப் பற்றி ஆராய்வாம். ஜமைக்காத் தீவிற் பிறந்து உலகெங்கும் புகழ்பெற்ற இசைவாணர் பாப் மார்லி என்பார்க்கு இவ்வகைப் புற்றே காற்பெருவிரல் நகத்தடியில் உண்டாயிற்று. பந்தாட்டத்திற் பட்ட காயம் என்று முதலில் எண்ணப்பட்ட அது 1977-இல் புற்றென அறியப்பட்டது. விரலை அகற்றுதல் நன்றென மருத்துவர் கூற, அவர் அதற்கு உடன்பட்டிலர். தாம் மேற்கொண்ட ராஸ்தபாரி நெறியே காரணமென்று பலரும் கூறுவர். நோய் பரவி, 1981 மே 11-இல் தமது 36-ஆம் அகவையில் மயாமி நகரில் உயிர் நீத்தார். விரலை இழந்திருப்பின் வாழ்ந்திருப்பார் என்று துணிந்து கூற ஒருவராலும் ஆகாது. அவர் தெரிவு சரியோ தவறோ, அது நோயின் பெயரறிந்து அவரே செய்துகொண்ட தெரிவு. எம் நண்பர்க்கு அவ்வுரிமையும் வாய்த்திலது. புதல்வர் எண்ணை மறைத்தனர். யாம் பொதுவுரையால் வழியை மறைத்தேம். அறியாதார்க்குத் தெரிவு ஏது?

மறைத்தல் முதல்வனது ஐந்தொழிலுள் ஒன்று. அவன் மறைப்பது உயிரின் பக்குவம் நோக்கி. நாம் மறைப்பதோ பெரும்பாலும் நம் அச்சம் நோக்கி. நோயாளர் அழுவாரே என்று அஞ்சுவதாகச் சொல்கின்றோம். அவர் அழுதலைக் காண நாமே அஞ்சுகின்றோம். தமக்கு எஞ்சிய நாள் குறுகியதாயின், அதனுள் முடித்தற்குரியன பல ஒருவர்க்கு உண்டு; கடன் தீர்த்தல், பகை தணித்தல், மகளுக்கு ஒரு சொல் கூறுதல் போல்வன. அவற்றைச் செய்யவிடாது அன்பின் பெயரால் மறைத்தல், அவருடைய நாளை நாம் கவர்ந்துகொள்வதாகும். அங்ஙனமாயினும், வேண்டாதார் செவியில் எண்ணைக் கொட்டுதலும் அறமன்று. "எவ்வளவு அறிய விரும்புகின்றீர்?" என்று முதற்கண் கேட்டல் வேண்டும், கேட்டவளவே மெய்யாகக் கூறல் வேண்டும், கூறியபின் உடனிருத்தல் வேண்டும். இம்மூன்றனுள் மூன்றாவதே அரியது.

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்னும் சொல்லையும் மருத்துவர் விடுத்தல் நன்று. நோய் நீங்காதாயினும் நோவு தணித்தல் உண்டு. புண் கழுவுதல் உண்டு. உறக்கம் தருதல் உண்டு. புதுமருந்துகளின் விலை பெரிதாகலின் பலர்க்கு அவை எட்டுவதில்லை. வறுமையால் எட்டாத மருந்தை ஊழால் எட்டாதது என்று சொல்லி, உலகம் தன் கடனைக் கழித்துக்கொள்ளலாகாது.

மகள் வந்து கேட்ட அன்று மாலையே யாம் நண்பர் இல்லம் சென்று, "யாம் அன்று கூறியது பிழை" என்றேம். அவர் சிறிது நகைத்து, "பாடபேதம் கண்டீரோ?" என்றார். "பாடபேதமன்று, பொருளே பிழைபடக் கொண்டேம்" என்று மேலே கூறியவற்றையெல்லாம் எடுத்துரைத்தேம். நெடுநேரம் வாளாவிருந்து, பின் மகளை அழைத்து, "மருத்துவர் கூறிய எண் யாது? எனக்குச் சொல்" என்றார். அவள் சொன்னாள். புதல்வர் தலைகவிழ்ந்து நின்றனர். "இவ்வளவுதானா? இதைவிடப் பெரிதாக அஞ்சிக்கொண்டிருந்தேன்" என்றார் அவர். அடுத்த வாரத்தில் அறுவை நிகழ்ந்தது. கணு ஒன்றில் புற்றணு காணப்பட்டமையின், ஓராண்டு நரம்பின்வழி நிவோலுமாப் ஏற்றினர்.

இன்று அவர் கோலூன்றி நடக்கின்றார். மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆராய்ச்சிக்குச் செல்கின்றார். முடிவு யாதாகும் என்பதை அவரும் அறியார், யாமும் அறியேம். அக்கணுவிற்குப் புற்றணு முன்னரே சென்றிருந்ததோ, எம் சொல்லால் வீணாகிய மூன்று திங்களிற் சென்றதோ, அதனை எந்த நுண்ணோக்கியும் காட்டமாட்டாது. அவ்வறியாமையைச் சுமத்தல் எமக்குரிய நுகர்வாயிற்று. அதனை வினை என்று சொல்லி இறக்கிவைக்க எமக்கு உரிமையில்லை என்பதையும் உணர்கின்றேம்.

இதனைப் படிக்கும் அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். திருவடிப் பெருமையை நாள்தோறும் பேசும் நாம் நம் அடியை நோக்குவதில்லை. திங்களுக்கு ஒருமுறை உள்ளங்காலையும், விரலிடுக்கையும், நகத்தையும் நல்ல வெளிச்சத்திற் பாருங்கள். குனிய இயலாதார் பிறரைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாய்த் தோன்றியதோ, பரவுவதோ, ஆறாததோ ஆகிய கரும்புள்ளி இருப்பின், பண்டிதரை வினவற்க, மருத்துவரை வினவுக. பண்டிதர்க்கும் ஒரு சொல் உண்டு: ஒருவர் ஊழைப் பற்றி நம்மை வினவும்பொழுது, அவர் எதனைச் செய்யவேண்டி அல்லது எதனைச் செய்யாதொழியவேண்டி வினவுகின்றார் என்பதை முன்னர்க் கேட்டறிந்து, பின்னர் விடை கூறுக.